கரையிறங்கிய மாலைகள்

துறைமுகமும் மதுச்சாலையும் உடன்பிறப்புகள். இஃது இன்று நேற்று ஏற்பட்ட உறவன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, கள் விற்கும் கடையின்மேல் பறந்த கொடியையும் மறவாமல் சொல்கிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கலத்தில் வந்த மதுவைக் குறிப்பிடுகிறார். பல திங்கள் கடலில் கிடந்தவன் கரையில் கால் வைத்ததும் முதலில் தேடுவது, தன்னை ஒரு மனிதனாக மதித்து ‘உட்கார்’ என்று சொல்லும் ஓர் இடத்தைத்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அவ்விடம் பெரும்பாலும் ஒரு மதுக்கடையாகவே இருந்திருக்கும்.

சங்க மலரில் எழுதத் தக்க பொருளா இது என்று முதலில் தயங்கினேன். இதனைப் படிக்கும் குடும்பங்களுள் பல, என்னுடைய குடும்பத்தைப் போலவே, பிழைப்புத் தேடி வந்து மாதுங்காவிலும் செம்பூரிலும் வேர்விட்டவை. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பிறந்த 1949-ஆம் ஆண்டில்தான் நானும் பிறந்தேன். தெருமுனையில் ‘பெர்மிட் ரூம்’ என்ற பலகையைக் கண்டால் என் அன்னை எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பார். 1972-இல் வணிகக் கப்பலொன்றில் வானொலி அதிகாரியாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மதுவைத் தொடுவதில்லை என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை இன்றளவும் காத்து வருகிறேன். ஆயினும் என் வாழ்வின் மறக்கவொண்ணாத மாலைகளுள் பல மதுச்சாலைகளிலேயே கழிந்தன. இவ்விரண்டும் உண்மை. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று, கோட்டைப் பகுதியில் உள்ள ஈரானி ஓட்டல் ஒன்றில் நாங்கள் ஐந்தாறு கிழவர்கள் கூடுவது வழக்கம். இரத்தினகிரிக்காரரான ஒரு சாரங், கோவாவைச் சேர்ந்த ஒரு ஸ்டூவர்ட், மங்களூர்க்காரரான ஒரு தலைமைப் பொறியாளர், வங்காளியான ஓர் இரண்டாம் அதிகாரி, நான். எல்லோரும் கடலைவிட்டு இறங்கிப் பல ஆண்டுகள் ஆயின. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இதயநோய். எனவே தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியுமே எங்கள் விருந்து. பேச்சு மட்டும் எப்போதும் பழைய துறைமுகங்களின் பார்களைச் சுற்றியே வரும்.

எந்தத் துறையின் பார் சிறந்தது என்பது எங்களிடையே இன்னும் தீராத வழக்கு. ஹாம்பர்க் நகரின் சங்க்ட் பவுலிக்கு இணையில்லை என்பார் பொறியாளர். மொம்பாசாவின் கிலிண்டினி சாலை ஒன்றே போதும் என்பார் சாரங். அந்தச் சாலைக்குப் பெயர் மாறியதை அவர் இன்றும் ஏற்பதில்லை. சிங்கப்பூரில் நள்ளிரவுக்குப் பிறகே உயிர்பெறும் பூகிஸ் தெருவைச் சொல்லும்போது ஸ்டூவர்ட்டின் கண்களில் ஒளி வரும். அந்தப் பழைய தெரு 1980-களின் நடுவில் ரயில்பாதைக்காக இடிபட்டது. வங்காளியோ ஒடெஸாவின் ‘இன்டர்கிளப்’பைப் புகழ்வார். சோவியத் துறைமுகங்கள் பலவற்றில் அயல்நாட்டு மாலுமிகளுக்கென நடத்தப்பட்ட மன்றங்கள் அவை. நூலகம், திரைப்படம், நடனம், இடையிடையே ஒரு சொற்பொழிவு. ராஜ்கபூர் நாட்டிலிருந்து வந்தவர் என்பதற்காகவே அங்கே தமக்கு முதல் நாற்காலி கிடைத்ததாக அவர் அளப்பார். நாங்கள் நம்புவதுபோல் தலையசைப்போம். அவரும் எங்கள் அளப்புகளுக்கு அவ்வாறே தலையசைப்பவர்தாம்.

மதுச்சாலைகளைப் புகழ்வது என் நோக்கமன்று. ஒன்பது மாதச் சம்பளத்தை மூன்று இரவுகளில் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். என்னுடன் பணியாற்றிய ஒரு நல்ல பொறியாளர் குடியினாலேயே வேலையையும், பின் குடும்பத்தையும், இறுதியில் உயிரையும் இழந்தார். அவருடைய மனைவி கண்ணீருடன் அலுவலக வாயிலில் நின்ற காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. ஆயினும் எங்கள் வழக்கைக் கூர்ந்து கேட்பவருக்கு ஒன்று விளங்கும். எந்தக் கடையின் மது சிறந்தது என்று எங்களுள் ஒருவரும் பேசுவதில்லை. கடிதத்தை வாங்கி வைத்திருந்து கொடுத்தவர் யார், கைக்கடிகாரத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தவர் யார், மூன்றாண்டு கழித்துப் போனபோதும் பெயர் சொல்லி அழைத்தவர் யார் என்பவையே எங்கள் அளவுகோல்கள்.

அந்நாளில் சரக்குக் கப்பலொன்று துறையில் இரண்டு மூன்று வாரங்கள்கூட நிற்கும். மூட்டையும் பெட்டியும் பீப்பாயுமாகச் சரக்கை ஆட்களே அடுக்கி, ஆட்களே இறக்க வேண்டும். வானொலி அதிகாரிக்கோ துறைமுகத்தில் வேலையே இல்லை எனலாம். துறைக்குள் கப்பலின் ஒலிபரப்பிக் கருவியை இயக்கலாகாது என்பது விதி. ஆகவே மற்ற அதிகாரிகள் சரக்கறைகளைக் காத்துநிற்க, ‘மார்க்கோனி சாப்’ என்று எல்லோரும் அழைத்த நான் முதல் ஆளாகக் கரையிறங்குவேன். பார்களில் எலுமிச்சைச் சோடா குடிப்பவன் என்பதால், குடித்தவர்களைக் கணக்குப் பார்த்துக் கப்பலுக்குத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பும் என்னுடையதே.

எங்கள் கப்பலில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் சுக்கானியாக இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். கப்பலில் நான் அதிகாரி, அவர் பணியாளர். என் உணவறை வேறு, அவர் உணவறை வேறு. கப்பலுக்குள் அவர் என்னைச் ‘சார்’ என்பார். நான் அவரைச் ‘சுக்கானி’ என்பேன். ஏணிப்படியைவிட்டு இறங்கித் துறைமுக வாயிலைக் கடந்ததும் நான் அவருக்குத் ‘தம்பி’. அவர் எனக்கு ‘அண்ணாச்சி’. இந்த மாற்றத்தை நாங்கள் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. வாயில் கடந்ததும் அது தானே நிகழும். திரும்பி வரும்போது தானே மறையும். கரைவிடுப்பு என்ற சொல்லுக்கு நான் அறிந்த பொருள் இதுதான்.

1974-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். சூயஸ் கால்வாய் 1967-இல் மூடப்பட்டு இன்னும் திறக்கப்படாத காலம். பம்பாயிலிருந்து ஆன்ட்வெர்ப் செல்ல ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மாதம் பயணம் செய்திருந்தோம். பிஸ்கே விரிகுடாவில் கப்பல் ஊஞ்சலாய் ஆடிக்கொண்டிருந்த ஓர் இரவில், பம்பாய் வானொலி நிலையம் தன்னிடம் செய்தி காத்திருக்கும் கப்பல்களின் அழைப்புக் குறிகளை ஒவ்வொன்றாக ஒலித்தது. அவற்றுள் எங்கள் குறியும் இருந்தது. மோர்ஸ் ஒலியில் ஒவ்வோர் எழுத்தாக வந்த செய்தியை எழுதிக்கொண்டேன். அண்ணாச்சியின் தாயார் காலமாகிவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது.

செய்தியைக் கப்பல் தலைவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்வெர்ப் கடற்கரையில் இருக்கும் துறைமுகம் அன்று. ஷெல்ட் ஆற்றின் வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உள்ளே சென்று, மதகு வழியாகத் துறைக்குள் நுழைய வேண்டும். ஆற்றின் வளைவுகளில் சுக்கான் பிடிக்க அண்ணாச்சியைவிட நம்பகமான கை எங்கள் கப்பலில் இல்லை. “கப்பலைக் கட்டிய பிறகு சொல்லலாம். நீங்களே சொல்லுங்கள், நீங்கள் அவருடைய மொழிக்காரர்” என்றார் தலைவர். அவர்மேல் எனக்கு இன்றும் குறையில்லை. நாற்பது உயிர்களுக்குப் பொறுப்பானவர் அவர். ஆனால் அதன்பின் இரண்டு நாள்கள், எதிரே வந்த அண்ணாச்சியின் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. பனிமூட்டத்தினிடையே அவர் ஆற்றில் கப்பலை நேர்கோட்டில் நிறுத்திக்கொண்டு வந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். செய்தித்தாள் என் சட்டைப்பையில் இருந்தது.

கப்பல் கட்டப்பட்டது. மாலையில் இருவரும் இறங்கினோம். வாயில் கடந்ததும் சொல்லிவிடுவது என்றிருந்தேன். “தம்பி, முதல்ல ஒரு கடைக்குப் போயிட்டு வந்திரலாம். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கணும். பனிமாதா கோயில்ல விடியக்காலத்துப் பூசைக்குப் போறவ” என்றார். என் நா எழவில்லை. கடையில் இரண்டு சால்வைகளை எடுத்து வைத்து, “எது நல்லாருக்கு?” என்று என்னைக் கேட்டார். நீலநிறத்தைக் காட்டினேன். அவ்வளவு கோழைத்தனம் என்னிடம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாலுமிகள் பேட்டை என்று பொருள்படும் பெயருடைய அந்தப் பகுதியில், ஃபால்கன் சதுக்கத்துக்கு அருகே ஒரு சிறிய பார் இருந்தது. நடத்தியவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். மாலுமி ஒருவரின் கைம்பெண். சுவர் நிறையக் கப்பல்களின் நிழற்படங்கள். பல நாட்டு நோட்டுகள். அவற்றினிடையே அண்ணாச்சி முந்தைய பயணத்தில் ஒட்டிய ஓர் இந்திய ஒற்றை ரூபாய். கல்லாவுக்குக் கீழேயிருந்த இழுப்பறையில் இன்னும் துறைக்கு வந்துசேராத மாலுமிகளுக்கான கடிதங்கள். அண்ணாச்சி அவரைப் ‘பெரியம்மா’ என்றுதான் அழைப்பார். பொருள் தெரியாவிட்டாலும் அந்த ஒலிக்கு அவர் திரும்பிப் பார்ப்பார். நான் உட்கார்ந்ததும் கேளாமலே என் முன்னால் சோடா வரும்.

“அண்ணாச்சி, ஊருலேர்ந்து ஒரு சேதி வந்திருக்கு” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “அம்மாவா?”

தலையசைத்தேன்.

“எப்ப வந்துச்சு, தம்பி?”

“முந்தாநாள் ராத்திரி.”

மேசைமேல் இருந்த பொட்டலத்தின்மேல் கையை வைத்தார். “நிறத்த நீங்கதான பாத்துச் சொன்னிய” என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

பெரியம்மாவிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணாச்சி ஜெபமாலையைக் கையில் எடுத்ததைக் கண்டதும் அவர் புரிந்துகொண்டார். இசைத்தட்டை நிறுத்தினார். கதவின் உட்பக்கம் தாழிட்டார். மேசையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, அண்ணாச்சியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டார். கடையில் இருந்த நார்வேக்காரர் இருவரும் ஒரு கிரேக்கரும் தொப்பியைக் கழற்றினர். அண்ணாச்சி தமிழில் தம் தாயைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதார். பெரியம்மா தம் மொழியில் ஏதோ சொல்லித் தேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் அன்று அங்கே விளங்காமற்போன சொல் ஒன்றுமில்லை. புறப்படும்போது பணம் வாங்க மறுத்தார். அண்ணாச்சி அந்த நீலச் சால்வையை அவர் தோளில் போர்த்திவிட்டு வெளியே வந்தார்.

துறைமுக வாயில்வரை இருவரும் பேசவில்லை. வாயிலுக்குச் சற்று முன்பு அண்ணாச்சி நின்றார். “நல்லது செஞ்சிய, தம்பி. கப்பல்ல வச்சுச் சொல்லியிருந்தா, உங்களச் ‘சார்’னு கூப்பிட்டுக்கிட்டுல்லா அழுதிருக்கணும்” என்றார். பிறகு வாயிலைக் கடந்தோம்.

1983-இல் மீண்டும் ஆன்ட்வெர்ப் சென்றேன். அண்ணாச்சி அதற்குள் ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்தார். பெரியம்மா மிகத் தளர்ந்திருந்தார். கல்லாவுக்குப் பின்னாலிருந்த நாற்காலியின் முதுகில் அந்த நீலச் சால்வை கிடந்தது. 1991-இல் போனபோது அவ்விடத்தில் ஒரு துணிக்கடை இருந்தது. அந்நகரின் பழைய கப்பல்துறைப் பகுதியில், துறைமுகத்தின் கதையையும் சொல்லும் பெரிய அருங்காட்சியகம் ஒன்று 2011-இல் திறக்கப்பட்டிருக்கிறது. கப்பல்களோ நகரைவிட்டு விலகி, ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கொள்கலன் முனையங்களுக்குப் போய்விட்டன.

கரைவிடுப்பை அழித்தது எந்த ஒரு கொடியவனும் அல்லன். ஓர் இரும்புப் பெட்டி. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அமெரிக்காவின் நியூவர்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. அந்தப் பெட்டியே வாரக் கணக்கை மணிக் கணக்காகக் குறைத்தது. நம் மும்பையிலும் 1989-இல் விரிகுடாவுக்கு அக்கரையில் நவசேவாத் துறைமுகம் திறந்தபின், பழைய கப்பல்துறைகளின் ஆரவாரம் சிறிது சிறிதாக அடங்கியது. 2004-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகள் துறைமுக வாயில்களை இறுக்கின. என் பதவியும் நிலைக்கவில்லை. 1998-இல் நான் கடலைவிட்டேன். அடுத்த பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழிப்பட்ட தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்து, மோர்ஸ் ஒலி ஓய்ந்தது. இவற்றால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. உலக வணிகம் வளர்ந்தது. கப்பலில் குடித்துக் கெட்டவர் தொகை குறைந்தது. மனைவி மக்களின் முகத்தை நாள்தோறும் கைப்பேசியில் காணலாம்.

என் தங்கையின் பேரன் இன்று கொள்கலன் கப்பலொன்றில் மூன்றாம் அதிகாரி. “தாத்தா, சிங்கப்பூருக்குப் பதினொரு தடவை போயிருக்கேன். இன்னும் சிங்கப்பூரைப் பார்த்ததில்லை” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். செராங்கூன் சாலையில், 1947-லிருந்து நடந்துவரும் கோமள விலாஸில் நான் உண்ட சாப்பாட்டைப் பற்றி அவனுக்குக் கதை சொன்னேன்.

2023-இல் என் தங்கை மறைந்தாள். அவனை வளர்த்தவள் அவளே. வீட்டில் எல்லோரும் நிலைகுலைந்திருந்தனர். அவனுக்குத் தெரிவிக்க வேண்டுமே என்று, என் கைப்பேசியை எடுத்து, ‘பாட்டி தவறிவிட்டாள், அமைதியான முடிவு’ என்று எழுதி அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகியிராது. அதன்பின் சுடுகாட்டு ஏற்பாடுகளில் மூழ்கிவிட்டேன்.

ஒரு தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தவித்தவன் நான். அதே நான்தான் இதையும் செய்தேன். அவன் எங்கே இருக்கிறான், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. விடுப்பில் வந்தபோதுதான் சொன்னான். அன்று அவன் கப்பல் சிங்கப்பூரில்தான் இருந்தது. இரவுக் காவல் முடிந்து அறைக்குத் திரும்பிக் கைப்பேசியைப் பார்த்திருக்கிறான். “ஜன்னல்ல ஊர் முழுக்க விளக்குத் தெரிஞ்சது, தாத்தா. அதுல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் அடுத்த காவலுக்குப் போயிட்டேன்.” கப்பலில் யாரிடமும் சொல்லவில்லையாம். அனைவரையும் ‘சார்’ என்று அழைக்கும் இடத்தில் யாரிடம் சொல்வது? தமிழ் பேசும் தெருக்கள் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும் அவனுக்கு அங்கே ஒரு நாற்காலி இல்லை.

அடுத்த முதல் சனிக்கிழமையன்று அவனை ஈரானி ஓட்டலுக்கு அழைத்துச் சென்றேன். சாரங் அவனைத் தம் அருகில் உட்கார வைத்து, “உன் பாட்டியின் பெயர் என்ன, மகனே?” என்று இந்தியில் கேட்டார். அவன் சொன்னான். பிறகு அவளுடைய சமையலைச் சொன்னான். அவள் திட்டுவதைச் சொன்னான். ஒருமணி நேரம் சொன்னான். எங்கள் மேசையில் அன்று வேறு பேச்சு இல்லை.

கோவாக்காரர்கள் இந்நகரின் தோபி தலாவ் பகுதியில் ‘கூட்’ என்று வழங்கும் ஊர்மன்றங்களை வைத்துக் காத்து வந்திருக்கிறார்கள். கப்பலுக்குக் காத்திருக்கும் ஊர்க்காரன் அங்கே வந்து தங்கலாம். நாம் தமிழ்ச் சங்கம் கண்டதும் அப்படியொரு தேவையால்தானே? அலுவலகத்தில் ‘சார்’ என்றும் ‘மிஸ்டர்’ என்றும் கழியும் வாழ்வில், ‘மாமா’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைக்கப்பட ஓர் இடம் வேண்டியிருந்தது. கடலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். துறைமுகங்கள் பலவற்றில் மாலுமியர் மன்றங்கள் இன்றும் இயங்குகின்றன. கரைவிடுப்பு மாலுமியின் உரிமை என்று 2013-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை கூறுகிறது. வீட்டில் கடலோடி இருக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. துயரச் செய்தியை அனுப்புமுன், ‘உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். எவரும் இல்லையென்றால், நீங்களே பேசுங்கள், எழுதி அனுப்பாதீர்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் பேரன் ஹாம்பர்க்கிலிருந்து அழைத்தான். அங்கே கொள்கலன் முனையங்களுக்கு நடுவே, 1986-லிருந்து ‘டுக்டால்பென்’ என்ற மாலுமியர் மன்றம் நடந்து வருகிறது. கப்பலிலிருந்து வண்டியில் அழைத்துச் சென்று, திரும்பக் கொண்டுவிடுவார்கள். இரண்டு மணி நேரம் கிடைத்ததாம். என்ன குடித்தாய் என்று கேட்டேன். “காப்பிதான், தாத்தா” என்றான். சற்றுப் பொறுத்து, “இங்கே ஒரு அம்மா என் பேரைக் கேட்டாங்க” என்றான்.